மெயில் சர்வரில் உள்நுழைவும் அனுமதிகளும்: முதல்முறை அமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாக மெயில் சர்வர் நிறுவிய முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே எனக்குத் தோன்றியது. செல்பேசியிலிருந்து உள்நுழைய முடிந்தது, கடிதம் போனது, பதிலும் வந்தது. எட்டாம் நாள் காலையில் பார்த்தால், நான் எழுதாத கடிதங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பும் வரிசையில் நின்றன. சோதனைக்காக ஒரு கணக்கை உருவாக்கியிருந்தேன். அதன் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒரே சொல். வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்துவிட்டேன். யாரோ அதை ஊகித்து உள்ளே வந்து, எங்கள் டொமைன் பெயரில் குப்பை அஞ்சலைக் கொட்டிவிட்டார்கள். தடுப்புப் பட்டியல்களிலிருந்து எங்கள் ஐபி முகவரியை மீட்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை எங்கள் உண்மையான கடிதங்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு வர வேண்டாம்.

உள்நுழைவு வேலை செய்கிறதா என்று மட்டும் நான் சோதித்திருந்தேன். உள்நுழையாத ஆள் என்ன செய்ய முடிகிறது, உள்நுழைந்த ஆள் எதுவரை போக முடிகிறது என்பதைச் சோதிக்கவே இல்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகின்றன.

லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் சேர்ந்த அமைப்பை வைத்துச் சொல்கிறேன். கடிதத்தை வாங்குவதும் அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸ். பெட்டியைத் திறந்து காட்டுவதும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் டவ்காட். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். கோப்புகளில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், மாறாத ஐபி முகவரி உள்ள ஒரு சர்வர். அடுத்து, டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை (பெயரையும் ஐபி முகவரியையும் இணைப்பவை) மாற்றும் உரிமை. சர்வரின் பெயர் ஐபி முகவரிக்குப் போக ஏ பதிவு வேண்டும். அந்த ஐபி மறுபடி அதே பெயருக்குத் திரும்ப பிடிஆர் பதிவு வேண்டும். பிடிஆர் பதிவை டொமைன் விற்றவரிடம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது ஐபி முகவரியைத் தரும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

பணம் கட்டும் முன்பே அந்த நிறுவனத்திடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: போர்ட் 25 (சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் எண்ணிட்ட வாசல்) வழியாக வெளியே அனுப்ப விடுவார்களா? பல மேகச் சேவை நிறுவனங்கள் இதை மூடியே வைத்திருக்கின்றன. சிலர் விண்ணப்பம் கேட்டு, நாட்கள் எடுத்துத் திறப்பார்கள். சிலர் திறக்கவே மாட்டார்கள்.

மூன்றாவது, ஒரு பட்டியல். நான் இதைச் செய்யாமல் தொடங்கியதுதான் பெரிய பிழை. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி: அவருடைய முகவரி என்ன, அதைத் தவிர வேறு எந்த முகவரியின் பெயரில் அனுப்பலாம், எந்தெந்தக் கருவிகளில் பயன்படுத்துகிறார். தானாக அஞ்சல் அனுப்பும் ஸ்கேனர், இணையதளப் படிவம், காப்புப்பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். 7ஆம் படி முழுக்க இந்தப் பட்டியலை வைத்துத்தான் நடக்கும்.

செலவைப் பொறுத்தவரை, போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஃபெயில்2பான் (கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஊகிக்கும் ஐபிகளைத் தடுக்கும் கருவி) மூன்றும் இலவசம். மறையாக்கத்துக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சான்றிதழும் இலவசம். சர்வர் வாடகையும் டொமைனுக்கான ஆண்டுக் கட்டணமும் மட்டும்தான் பணம். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழால் மெயில் சர்வருக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

அமைப்பதற்கு அரை நாள், சோதிக்க அரை நாள் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் மாற்றங்கள் பரவ நேரம் எடுக்கும் என்பதால் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தைய நாளே குறைத்து வையுங்கள். அப்புறம் ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் லாக் (சர்வர் எழுதும் நிகழ்வுப் பதிவு) பார்க்க வேண்டியிருக்கும்.

2. போர்ட்டுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

போர்ட் 25 வெளியுலக சர்வர்கள் உங்களுக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் வாசல். அங்கே யாரும் உள்நுழைய வேண்டிய தேவையே இல்லை. உங்கள் பயனர்கள் கடிதம் அனுப்பும் வாசல்கள் 587, 465. பெட்டியைப் படிக்க 993.

465இல் இணைப்பு முதல் நொடியிலிருந்தே மறையாக்கத்தில் இருக்கும். 587இல் சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகு மறையாக்கத்துக்கு மாறும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் முதல் வகையையே பரிந்துரைக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் பயனர்களிடம் 465, 993 என்ற இரண்டு எண்களை மட்டும் சொன்னால் போதும். பழைய கருவிகளுக்காக 587ஐயும் திறந்து வைக்கலாம். 110, 143, 995 ஆகியவற்றை யாரும் கேட்காதவரை ஃபயர்வாலில் மூடியே வையுங்கள்.

பாதுகாப்பு என்று நினைத்து 25ஐ மூடிவிடாதீர்கள். வெளியிலிருந்து ஒரு கடிதமும் வராது. அதே போல 25இல் மறையாக்கத்தைக் கட்டாயமாக்கவும் வேண்டாம்; அது இல்லாத சர்வர்களிடமிருந்து வரும் கடிதங்கள் நின்றுபோகும். அங்கே அமைப்பு 'மே' என்ற அளவில் (முடிந்தால் மறையாக்கம், இல்லாவிட்டால் சாதாரணம்) இருக்கட்டும். 587இல் மட்டும் 'என்க்ரிப்ட்' என்று கட்டாயமாக்குங்கள்.

3. சான்றிதழை முதலில் முடியுங்கள்

உள்நுழைவை அமைக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். மறையாக்கம் இல்லாத இணைப்பில் ஒரே ஒரு முறை கடவுச்சொல் போனாலும் அதை வெளியே போனதாகத்தான் கருத வேண்டும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை வாங்கித் தரும் சர்ட்பாட் என்ற கருவி மூலம் சர்வரின் முழுப் பெயருக்குச் சான்றிதழ் வாங்குங்கள். கிடைக்கும் கோப்புகளில் 'ஃபுல்செயின்' என்ற பெயருள்ளதை போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் கொடுங்கள். வெறும் 'சர்ட்' கோப்பைக் கொடுத்தால் சில கருவிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. இடைநிலைச் சான்றிதழ் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் போனது.

டவ்காட் 2.3இல் சான்றிதழ் கோப்பின் பாதைக்கு முன்னால் ஒரு கோணக்குறி (<) இருக்க வேண்டும். 'இந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைப் படி' என்று பொருள். அதை விட்டுவிட்டால் பாதையையே சான்றிதழாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். 2.4இல் அமைப்பின் பெயரும் மாறியது, அந்தக் குறியும் போய்விட்டது.

லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். சர்ட்பாட் தானாகவே புதுப்பிக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் பழைய சான்றிதழையே பிடித்துக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் இரண்டையும் ரீலோட் செய்யும் ஒரு சிறு ஸ்கிரிப்டை சர்ட்பாட்டின் டிப்ளாய் அடைவில் போட்டுவையுங்கள். காலாவதி குறித்து அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் அஞ்சலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது. நாள்காட்டியில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் பதிப்பில் 1.2க்குக் கீழே இறங்க வேண்டாம். 1.0, 1.1 இரண்டும் 2021இலேயே கைவிடப்பட்டவை.

4. பயனர்களும் கடவுச்சொற்களும்

டவ்காட்டை நிறுவியதும் பெரும்பாலும் அது லினக்ஸ் கணக்குகளையே மெயில் கணக்குகளாக ஏற்றுக்கொள்ளும். அதாவது சர்வரில் உள்ள எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை ஊகித்தாலும் மெயிலில் நுழையலாம். மெயிலில் ஊகித்த கடவுச்சொல்லை வைத்து சர்வருக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். என் சோதனைக் கணக்கு இப்படித்தான் மெயில் கணக்கானது. எனவே ஆத் அமைப்புக் கோப்பில் 'சிஸ்டம்' என்ற சொல் உள்ள இணைப்பு வரியை முடக்கிவிட்டு, 'பாஸ்வேர்ட்ஃபைல்' வரியைத் திறங்கள். சில நூறு பயனர்கள் வரை ஒரு சாதாரண உரைக் கோப்பே போதும். டேட்டாபேஸ் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். முதல் நாளில் அது தேவையில்லை. பிழை வரக்கூடிய இடம் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

பயனர்பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையே வையுங்கள். பாதிப் பெயர் சிலருக்கு, முழு முகவரி சிலருக்கு என்று கலந்தால் 7ஆம் படியில் பொருந்தாமல் போகும்.

கடவுச்சொல்லை ஹாஷ் செய்ய (திரும்ப மீட்க முடியாத வடிவத்துக்கு மாற்ற) டவ்அட்மின் பிடபிள்யூ கட்டளை இருக்கிறது. பிஎல்எஃப்-கிரிப்ட் அல்லது ஆர்கான்2ஐடி முறையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதாதீர்கள், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அப்படியே பதிந்துவிடும். எழுதாமல் விட்டால் அதுவே கேட்கும், அப்போது தட்டுங்கள். ஆர்கான்2 நினைவகத்தை நிறையக் கேட்கும். சரியான கடவுச்சொல்லுக்கும் உள்நுழைவு மறுக்கப்பட்டால், டவ்காட்டின் ஆத் செயல்முறைக்கு உள்ள நினைவக வரம்பை உயர்த்திப் பாருங்கள்.

கடவுச்சொல் கோப்பின் உரிமையாளர் ரூட், குழு டவ்காட், அனுமதி 0640. இவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியக் கூடாது.

உள்நுழைவு முறைகளில் பிளெயின், லாகின் இரண்டும் போதும். பெயரைப் பார்த்து பிளெயின் பலவீனமானது என்று தோன்றும். மறையாக்கப்பட்ட இணைப்புக்குள் போவதால் அதில் கவலை இல்லை. மாறாக, பாதுகாப்பானதுபோல ஒலிக்கும் கிராம்-எம்டி5க்கு, கடவுச்சொல்லை அப்படியே அல்லது அதற்கு நிகரான வடிவில் சர்வரில் சேமிக்க வேண்டும். கோப்பு திருடு போனால் எல்லாம் போனது. மறையாக்கம் இல்லாமல் உள்நுழைவதைத் தடுக்கும் அமைப்பு 2.3இல் 'டிஸேபிள் பிளெயின்டெக்ஸ்ட் ஆத்'. அது 'எஸ்' என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். 2.4இல் அது 'ஆத் அலவ் கிளியர்டெக்ஸ்ட்' என்று தலைகீழானது, அங்கே 'நோ' இருக்க வேண்டும்.

பதிப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2.3க்கான அமைப்புக் கோப்பு 2.4இல் அப்படியே ஓடாது. டெபியன் 12இல் இருப்பது 2.3, டெபியன் 13இல் 2.4. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் பழைய பதிப்புக்கானவை. எதையும் நகலெடுக்கும் முன் உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மேம்படுத்தும் முன் கோப்புகளை மாற்றி எழுத ஒரு நாள் ஒதுக்குங்கள்.

5. போஸ்ட்ஃபிக்ஸை டவ்காட்டுடன் இணைத்தல்

போஸ்ட்ஃபிக்ஸ் தானாகக் கடவுச்சொல்லைச் சரிபார்க்காது. ஒரு யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக டவ்காட்டைக் கேட்கும். டவ்காட்டின் மாஸ்டர் அமைப்புக் கோப்பில் அதற்கான பகுதி ஏற்கெனவே எழுதி, முடக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து, அனுமதியை 0660 ஆகவும் பயனரையும் குழுவையும் போஸ்ட்ஃபிக்ஸ் ஆகவும் வையுங்கள். சாக்கெட் இருக்க வேண்டிய இடம் போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவுக்குள் உள்ள 'பிரைவேட்'. டெபியன் வகைகளில் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகள் அந்த அடைவுக்குள் அடைபட்டு ஓடக்கூடும். அப்போது வெளியே வைத்த சாக்கெட் அதன் கண்ணுக்கே தெரியாது.

போஸ்ட்ஃபிக்ஸில் உள்நுழைவுக்கான அமைப்புகளில் சாஸில் என்ற பெயர் வரும். அந்தப் பக்கம் சாஸில் டைப் 'டவ்காட்', சாஸில் பாத் 'பிரைவேட்/ஆத்'. பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு கூடாது.

அடுத்ததில் நான் வழுக்கி விழுந்தேன். பல வழிகாட்டிகள் உள்நுழைவை போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில் இயக்கச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் போர்ட் 25லும் உள்நுழைவு திறந்துவிடும். ஊகிப்பவர்களுக்கு இன்னொரு வாசல் கிடைக்கும். மெயின் கோப்பில் 'சாஸில் ஆத் எனேபிள்' அமைப்பை 'நோ' என்றே விட்டுவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் 587, 465 ஆகிய இரண்டு சேவைகளின் கீழ் மட்டும் 'எஸ்' என்று எழுதுங்கள். 465இன் கீழ் 'ராப்பர்மோட்' அமைப்பும் 'எஸ்' ஆக இருக்க வேண்டும்.

மாஸ்டர் கோப்பில் இடைவெளிக்குப் பொருள் உண்டு. சேவையின் கீழ் வரும் ஒவ்வொரு வரியும் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். ஆனால் சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி இருக்கக் கூடாது. மெயின் கோப்பில் இடைவெளி விட்டு எழுதிப் பழகிய கை இங்கேயும் அப்படியே எழுதும். சேமித்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் செக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, லாகையும் ஒரு முறை பாருங்கள்.

6. யார் வெளியே அனுப்பலாம்

உங்கள் டொமைனுக்கு வரும் கடிதத்தை யார் கொண்டுவந்தாலும் வாங்க வேண்டும். வெளி டொமைனுக்குப் போகும் கடிதத்தை உங்கள் ஆட்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும். இந்த இரண்டாவது விதி தவறினால் அது திறந்த ரிலே. யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 முதல் இதற்கென்றே 'ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்ற பட்டியல் இருக்கிறது. மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்தும் விதியோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடும். போர்ட் 25க்கு 'பெர்மிட் மைநெட்வொர்க்ஸ்', அதன் பின் 'ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்' போதும். 587, 465 ஆகியவற்றுக்கு 'பெர்மிட் சாஸில் ஆதென்டிகேட்டட்', அதன் பின் வெறும் 'ரிஜெக்ட்'. உள்நுழைந்தால் போகலாம், இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் இல்லை.

மைநெட்வொர்க்ஸ் என்பது கடவுச்சொல் கேட்காமல் நம்பும் ஐபிகளின் பட்டியல். நான் பார்த்த பெரும்பாலான கோளாறுகள் இதிலிருந்துதான் தொடங்கின. பழைய பதிப்புகளிலும், பழைய அமைப்பை அப்படியே தூக்கிவந்த சர்வர்களிலும் இது 'சப்நெட்' முறையில் இருக்கும். அதாவது உங்கள் சர்வர் இருக்கும் நெட்வொர்க் துண்டு முழுவதையும் நம்பும். வாடகை சர்வரில் அந்தத் துண்டில் உள்ள மற்ற சர்வர்கள் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியாது. 127.0.0.0/8, ஐபிவி6க்கு ::1 இரண்டை மட்டும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஐபிவி6 முகவரியைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும்.

டாக்கருக்குள் ஓட்டுபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். சில அமைப்புகளில், குறிப்பாக ஐபிவி6 வழியாக வரும் இணைப்புகளில், வெளியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் டாக்கரின் உள் முகவரியிலிருந்து வருவதுபோல போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். அந்த உள் நெட்வொர்க்கை மைநெட்வொர்க்ஸில் சேர்த்திருந்தால் உலகம் முழுவதும் நம்பகமானதாகிவிடும். லாகில் பல்வேறு நாட்டு ஐபிகளுக்குப் பதிலாக 172.17இல் தொடங்கும் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

அலுவலக ஸ்கேனருக்காக அதன் ஐபியைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஸ்கேனருக்கு ஒரு தனிக் கணக்கும் நீளமான கடவுச்சொல்லும் கொடுங்கள். டவ்காட்டின் கடவுச்சொல் கோப்பில் அந்த வரியின் கடைசியில் 'அலவ் நெட்ஸ்' என்று சேர்த்து அதன் ஐபியை எழுதினால், அந்தக் கணக்கு அங்கிருந்து மட்டும்தான் வேலை செய்யும்.

அதே சர்வரில் இணையதளமும் ஓடினால் இன்னொரு பின்வாசல் இருக்கிறது. சென்ட்மெயில் கட்டளைக்குக் கடவுச்சொல் தேவையில்லை. சர்வரில் உள்ள எந்தப் பயனரும் இயக்கலாம். இணையதளம் உடைக்கப்பட்டால் அது வழியாகக் குப்பை அஞ்சல் போகும். 'ஆத்தரைஸ்டு சப்மிட் யூசர்ஸ்' என்ற அமைப்பில், உண்மையிலேயே தேவைப்படும் பயனர்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள்.

7. இன்னொருவர் பெயரில் அனுப்புவதைத் தடுத்தல்

இதுவரை செய்ததில் ஒரு பயனர் உள்நுழைந்துவிட்டால், மேலாளரின் முகவரியை அனுப்புநராகப் போட்டு அனுப்ப முடியும். போஸ்ட்ஃபிக்ஸ் தடுக்காது.

முதல் படியில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். 'சென்டர் லாகின் மேப்ஸ்' என்ற கோப்பில் இடப்பக்கம் அனுப்புநர் முகவரி, வலப்பக்கம் அதைப் பயன்படுத்தலாம் என்ற உள்நுழைவுப் பெயர்கள். ஒரு பொது முகவரியை மூன்று பேர் பயன்படுத்தினால் மூன்று பெயர்களையும் காற்புள்ளியிட்டு எழுதலாம். ஒரே கடவுச்சொல்லை மூவரும் பகிர வேண்டிய தேவையே வராது. கோப்பை மாற்றும்போதெல்லாம் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள்.

அப்புறம் சென்டர் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் பட்டியலின் முதல் வரியாக 'ரிஜெக்ட் சென்டர் லாகின் மிஸ்மேட்ச்' சேருங்கள். முதல் வரியாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேலே ஒரு பெர்மிட் விதி இருந்தால், உள்நுழைந்த எல்லோரும் அதிலேயே தேறிவிடுவார்கள். இந்த விதியை போஸ்ட்ஃபிக்ஸ் எட்டவே எட்டாது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் வேலை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

இந்த விதி பார்ப்பது கடிதத்தின் உறையில் (சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் பகுதி) உள்ள அனுப்புநரை. படிப்பவர் கண்ணில் தெரியும் ஃபிரம் வரியைப் பார்ப்பதில்லை. அதையும் கட்டுப்படுத்த ஆர்ஸ்பாம்டி போன்ற ஒரு மில்ட்டர் (கடிதத்தைப் பரிசோதிக்கும் துணை நிரல்) வேண்டும். சிறிய சர்வருக்கு உறை அளவிலான தடுப்பு நல்ல தொடக்கம்.

8. ஊகித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு

சர்வர் இணையத்துக்கு வந்து சில மணி நேரத்திலேயே லாகில் தோல்வியுற்ற உள்நுழைவுகள் வரத் தொடங்கும். பயப்பட வேண்டாம். ஃபெயில்2பானை நிறுவி டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ்-சாஸில் ஆகிய இரண்டு ஜெயில்களையும் (தடுப்பு விதிகளின் தொகுப்புகள்) இயக்குங்கள். இயல்பாக 10 நிமிடத்தில் 5 முறை தவறினால் 10 நிமிடம் தடுக்கும். தடை நேரத்தை ஒரு நாளாக உயர்த்தினேன். இக்னோர்ஐபியில் என் சொந்த முகவரியைச் சேர்த்த பிறகுதான் அதைச் செய்தேன். இல்லாவிட்டால் செல்பேசியில் கிடக்கும் ஒரு பழைய கடவுச்சொல் உங்களையே வெளியே தள்ளிவிடும்.

டெபியன் 12 முதல், நிறுவியதும் பழைய மெயில் லாக் கோப்பு இருக்காது. எல்லாம் சிஸ்டம்டியின் ஜர்னல் என்ற பொதுப் பதிவுக்குப் போகும். ஃபெயில்2பான் இல்லாத கோப்பைத் தேடித் தொடங்காமலே நிற்கும். பேக்எண்டை 'சிஸ்டம்டி' என்று மாற்றினால் சரியாகும்.

இதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. ஆயிரம் ஐபிகளிலிருந்து ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை ஊகித்தால் எந்த எண்ணிக்கையும் தாண்டப்படாது. அங்கே காப்பாற்றுவது நீளமான கடவுச்சொல் மட்டும்தான். என் சர்வரில் கடவுச்சொற்களைப் பயனர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நானே உருவாக்கிக் கொடுக்கிறேன், கருவிக்கு ஒன்று. செல்பேசி தொலைந்தால் அதன் கடவுச்சொல்லை மட்டும் நீக்கலாம். வெப்மெயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டுவிட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். அதே கடவுச்சொல் 993இல் தனியாகச் செல்லுபடியானால் அந்தச் சரிபார்ப்பை யாரும் சந்திக்கவே போவதில்லை.

9. சோதனை: மறுக்க வேண்டியதை முதலில்

சோதனை அஞ்சல் அனுப்பும் ஸ்வாக்ஸ் என்ற கருவியை வேறொரு கணினியில் நிறுவுங்கள். சர்வரிலிருந்தே சோதித்தால் 127.0.0.1 நம்பகமான முகவரி என்பதால் போர்ட் 25இல் எல்லாம் அனுமதிக்கப்படும். அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. வீட்டு இணைப்பில் 25 மூடப்பட்டிருக்கலாம். அப்போது வேறு இடத்தில் உள்ள ஒரு சர்வரிலிருந்து செய்யுங்கள். இந்த வரிசையில் போங்கள்.

போர்ட் 25, உள்நுழைவு இல்லாமல், வெளி டொமைன் முகவரிக்கு: 554 என்ற மறுப்பு எண் வர வேண்டும். 454 வந்தால் தற்காலிக மறுப்பு விதி அமைந்திருக்கிறது. ஆபத்தில்லை, ஆனால் மாற்றிவிடுங்கள். 250 வந்தால் ஏற்றுக்கொண்டது என்று பொருள், சேவையை அப்போதே நிறுத்துங்கள்.

போர்ட் 25இல் எஹ்லோ (இணைந்ததும் கொடுக்கும் வணக்கக் கட்டளை) கொடுத்ததும் வரும் பட்டியலில் ஆத் என்ற வரி இருக்கக் கூடாது, மறையாக்கத்துக்குப் பிறகும்கூட.

587இல் மறையாக்கம் இல்லாமல் உள்நுழைய முயன்றால் 530. மறையாக்கத்துடன் தவறான கடவுச்சொல் கொடுத்தால் 535. சரியானதைக் கொடுத்தால் 235. சரியாக உள்நுழைந்து இன்னொருவர் முகவரியில் அனுப்பினால் 553.

ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் கையால் தட்டிச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்து ஆர் வந்தால், அதை சர்வருக்கு அனுப்பாமல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பெறுநரைச் சொல்லும் வரி அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. சிற்றெழுத்தில் தட்டினால் போதும்.

கோளாறு தேடும்போது டவ்காட்டின் ஆத் டீபக் அமைப்புகளை இயக்கியிருப்பீர்கள். அவற்றில் ஒன்று கடவுச்சொற்களையே லாகில் எழுதும். முடித்ததும் அணைத்துவிட்டு, அந்த லாக் வரிகளையும் அழியுங்கள்.

10. கணக்கு கைமாறிப் போனால், அல்லது ஒருவர் விலகினால்

கடவுச்சொல்லை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் ஐமேப் (பெட்டியைப் படிக்கும்) இணைப்பு தொடர்ந்து ஓடும். டவ்அட்மின் ஹூ கட்டளையில் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று பார்த்து, டவ்அட்மின் கிக் கட்டளையால் வெளியேற்றுங்கள். ஆத் கேஷை இயக்கியிருந்தால், பழைய கடவுச்சொல் இன்னும் ஒரு மணி நேரம்வரை செல்லுபடியாகலாம். கேஷை ஃபிளஷ் செய்யுங்கள்.

குப்பை அஞ்சல் போயிருந்தால் லாகில் 'சாஸில் யூசர்நேம்' என்று தேடுங்கள். எந்தக் கணக்கு வழியாகப் போனது என்று பெயரோடு கிடைக்கும். வரிசையில் காத்திருப்பவற்றில் அந்தக் கணக்கிலிருந்து வந்தவற்றை மட்டும் போஸ்ட்சூப்பரால் நீக்குங்கள். அவசரத்தில் வரிசை முழுவதையும் அழித்தால் மற்றவர்களின் நல்ல கடிதங்களும் போய்விடும். கணக்கு சுத்தமாகும் முன் தடுப்புப் பட்டியல்களுக்கு விண்ணப்பிக்காதீர்கள். மறுபடி அனுப்பப்பட்டால் அடுத்த முறை நீக்க மறுப்பார்கள்.

விலகியவர் என்றால் சென்டர் லாகின் மேப்ஸ் கோப்பில் அவர் பெயர் வரும் எல்லா வரிகளையும் தேடி எடுங்கள். கடைசியாக அந்தப் பெட்டியின் சீவ் விதிகளை (வரும் கடிதங்களைத் தானாகப் பிரிக்கவும் திருப்பிவிடவும் எழுதுபவை) திறந்து பாருங்கள். உள்ளே வந்த ஆள், வரும் கடிதங்களின் நகலை வெளி முகவரிக்குத் திருப்பிவிடும் ஒரு வரியை எழுதிவைத்திருந்தால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் கடிதங்கள் அவருக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.